வாங்குவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்

பார்வையற்ற இளைஞர் ஒருவர் தேர்வாணையத் தேர்வில் தேறி, மாற்றுத்திறனாளிகளுக்கான நான்கு சதவீத இடஒதுக்கீட்டில் இளநிலை உதவியாளராக அரசு அலுவலகம் ஒன்றில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசை, நாற்காலி, கணினி எல்லாம் வந்துவிடும். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருளை அவரே இலவசமாக இறக்கி நிறுவிக்கொள்வார். அது தமிழும் படிக்கும். ஆனாலும் முதல் கோப்பிலேயே தடங்கல் வந்துவிடும்.

பழைய சுற்றறிக்கை ஒன்று பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது 'தமிழ்' என்று தெரிகிறது. கணினிக்குள் பதிவாகியிருப்பதோ ஜே, கே, பி, ஓ, அதற்குப் பின் ஓர் அரைப்புள்ளி. ஆங்கிலக் குறிகளின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்திய பழைய ஏற்பாடு அது. திரைவாசிப்பான் உள்ளே இருக்கும் குறிகளைத்தான் வாசிக்கும். அடுத்த கோப்பு, ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணை. அது ஒரு புகைப்படம்; வாசிக்க அதில் எழுத்தே இல்லை. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூன் மாதத்திலேயே யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தமிழக அரசு தன் அதிகாரபூர்வத் தரமாக அறிவித்துவிட்டது. அதன் பிறகும் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடக்கும் ஆவணங்களுக்குக் குறைவில்லை. கோப்புகள் மின்-அலுவலக முறைக்கு மாறியபோது, காகிதத்தில் இருந்த தடை அப்படியே திரைக்கு வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு உண்மையிலேயே உதவுகிறது. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்ததைவிட இன்று வெகுவாகத் தேறிவிட்டன. கைபேசியைக் காகிதத்தின் மேல் பிடித்தால் படித்துக்காட்டுகின்றன. வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விவரிக்கின்றன. பக்கத்து மேசைக்காரரிடம் 'இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க சார்' என்று நாளுக்கு நாற்பது முறை கேட்க வேண்டியிருந்த ஒருவருக்கு, கேட்காமலே வேலையை முடிக்க முடிவது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, கேட்டுக் கேட்டுக் கூசியவர்கள்தான் அறிவார்கள்.

இந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் ஒன்று தெளிவாகும். விண்டோஸ் கணினிகளில் நெடுங்காலம் கோலோச்சிய ஜாஸ் திரைவாசிப்பானை 1989இல் கொண்டுவந்த டெட் ஹென்டர், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். 1978இல் நடந்த கார் விபத்தில் பார்வையை இழந்தவர். ஜாஸின் விலை வளரும் நாடுகளில் சாமானியர்களுக்கு எட்டாததாக இருந்தது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் அந்த நிலைக்கு முடிவுகட்டப் புறப்பட்டார்கள். அவர்கள் எழுதி இலவசமாகத் தந்ததுதான் என்விடிஏ. மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ செயலியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய சாகிப் ஷேக் ஏழு வயதில் பார்வையை இழந்தவர். பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் கைபேசியில் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியை கூகுள் 2019இல் வெளியிட்டது. அதன் பின்னால் இருந்த டிமிட்ரி கனெவ்ஸ்கி, குழந்தைப் பருவத்திலிருந்தே காது கேளாத கணித அறிஞர். காதுகேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்துதான் அந்தச் செயலி மெருகேற்றப்பட்டது.

இவற்றில் எதுவும் யாரோ இரக்கப்பட்டுச் செய்து கொடுத்தது அல்ல. தடையை அனுபவித்தவர்களே வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்ததால் பிறந்தவை. 'எல்லோருக்குமான வடிவமைப்பு' என்ற கருத்தை வளர்த்தெடுத்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ரான் மேஸும் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்தான். கட்டி முடித்த பிறகு பக்கவாட்டில் ஒரு சாய்தளத்தை ஒட்டவைப்பதை அவர் ஏற்கவில்லை. முதல் கோடு போடும்போதே எல்லோரையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றார். மென்பொருளுக்கும் அதுவே பொருந்தும்.

தொழில்நுட்பம் வேலையிடத்தை எப்படி மாற்றலாம் என்பதற்கு டோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 ஜூன் முதல் அங்கே நடந்துவரும் 'டான்' என்ற காபிக்கடையில் மேசைக்கு வந்து பேசுவதும் பானம் கொண்டுவருவதும் ஒரிஹிமே என்ற ரோபோக்கள். அவற்றைத் தூரத்திலிருந்து இயக்குபவர்கள் மனிதர்கள்: தசை செயலிழக்கும் நோய் வந்தவர்கள், முதுகுத்தண்டு முறிந்தவர்கள், வீட்டையோ மருத்துவமனைப் படுக்கையையோ விட்டு வர முடியாதவர்கள். கை அசையாதவர்கள்கூடக் கண் அசைவால் இயக்குகிறார்கள். ரோபோவின் கேமரா வழியே வாடிக்கையாளரைப் பார்க்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள், சம்பளம் வாங்குகிறார்கள்.

இதை உருவாக்கிய கென்டாரோ யோஷிஃபுஜி, பள்ளி நாட்களில் உடல்நலம் குன்றி நீண்டகாலம் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தவர். அவருடைய செயலாளராகவும் தோழராகவும் வேலை பார்த்த யூட்டா பாண்டா, நான்கு வயதில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு படுக்கையிலேயே வாழ்ந்தவர். பொருளைத் தூக்கி எடுத்துச் செல்லும் பெரிய ரோபோ என்ற யோசனை, அவரோடு நடத்திய உரையாடல்களில் உருவானது. பாண்டா 2017இல் காலமானார். கடை திறந்ததை அவர் பார்க்கவில்லை. இந்த ஏற்பாட்டில் இயந்திரம் ஒரு மனிதனின் வேலையைப் பறிக்கவில்லை. வேலை என்ற ஒன்றே தனக்கு இல்லை என்று ஊர் முடிவுகட்டியிருந்த மனிதரிடம் அது வேலையைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. நம் நாட்டில் தானியங்கிமயம் பற்றிப் பேசுவோர் இந்தக் கடையைக் கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டும்.

எளிய மாற்றங்களும் உண்டு. இந்தியாவில் லெமன் ட்ரீ ஹோட்டல் நிறுவனம் 2007 முதல் காதுகேளாதவர்களை வேலைக்கு எடுத்துவருகிறது. அவர்களோடு வேலை செய்யும் மற்ற ஊழியர்களுக்குச் சைகை மொழியின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தது. மும்பையில் 2009இல் தொடங்கிய மிராக்கிள் கூரியர், காதுகேளாத இளைஞர்களைக் கொண்டே கடிதங்களைப் பட்டுவாடா செய்தது. தொலைபேசிப் பேச்சுக்குப் பதில் குறுஞ்செய்தி. அவ்வளவுதான் தேவைப்பட்ட மாற்றம். அமெரிக்காவில் இத்தகைய மாற்றங்களுக்கு ஆலோசனை வழங்கும் ஜாப் அகாமடேஷன் நெட்வொர்க், செலவு எவ்வளவு ஆயிற்று என்று முதலாளிகளிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறது. ஏறத்தாழ பாதிப் பேர் சொல்லும் பதில், செலவே ஆகவில்லை என்பது. ஒருமுறை செலவு ஆனதாகச் சொன்னவர்களிடமும் இடைநிலை மதிப்பு 300 டாலர் அளவில்தான் இருந்திருக்கிறது. 'எங்களுக்குக் கட்டுப்படியாகாது' என்று நம் ஊர் நிர்வாகங்கள் சொல்வது பெரும்பாலும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் சொல்வது.

அதே செயற்கை நுண்ணறிவு அலுவலகத்தின் உள்ளே உதவியாளாக நிற்கும்போது ஒரு முகம்; வாசலில் காவலாளியாக நிற்கும்போது வேறு முகம்.

வேலைக்கு வரும் விண்ணப்பங்களை இன்று பல பெரிய நிறுவனங்களில் முதலில் வடிகட்டுவது மென்பொருள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை நேராகச் சோதித்தது. தங்களில் ஒருவருடைய உண்மையான தன்விவரக் குறிப்பை எடுத்துக்கொண்டார்கள். அதில் மாற்றுத்திறன் தொடர்பான ஓர் உதவித்தொகை, ஒரு விருது, ஒரு குழுப் பொறுப்பு, ஒரு மாணவர் அமைப்பின் உறுப்பினர் பதவி ஆகிய நான்கையும் கூடுதலாகச் சேர்த்து, ஆறு விதமான மாற்றுத்திறன்களுக்கு ஆறு பிரதிகள் தயாரித்தார்கள். தகுதி கூடியிருக்கிறது, குறையவில்லை. ஜிபிடி-4 அடிப்படையிலான சாட்ஜிபிடியிடம் அவற்றை மூலப் பிரதியோடு ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தச் சொன்னபோது, கூடுதல் தகுதியுள்ள பிரதிகள் முதலிடம் பெற்றது நான்கில் ஒரு பங்கு முறைதான். ஆட்டிசம் தொடர்பான தலைமைத்துவ விருதைக் குறிப்பிட்டிருந்த பிரதிக்கு, தலைமைப் பண்பில் அழுத்தம் குறைவு என்று அந்த மென்பொருள் காரணம் கற்பித்தது. பாகுபாடு காட்டக் கூடாது என்று எழுத்தில் அறிவுறுத்திய பிறகு நிலைமை ஓரளவு தேறியது. ஆனால் எல்லாப் பிரதிகளுக்கும் அல்ல.

வீடியோ நேர்காணல் இன்னும் சிக்கலானது. ஹயர்வியூ என்ற நிறுவனத்தின் மென்பொருள் விண்ணப்பதாரரின் முக அசைவுகளையும் சேர்த்து மதிப்பிட்டுவந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2021இல் அந்த முகப் பகுப்பாய்வைக் கைவிட்டதாக அறிவித்தது. கண்ணைப் பார்த்துப் பேசாத ஆட்டிசம் உள்ளவரை, ஒரு பக்கம் முகவாதம் வந்தவரை, திக்கிப் பேசுபவரை அத்தகைய மென்பொருள் என்னவென்று கணிக்கும்? 'சராசரி' என்று அதற்குப் பழக்கப்பட்ட முகங்களில் இவர்கள் முகம் இருந்திருக்காது. இத்தகைய கருவிகள் மாற்றுத்திறனாளிகளைச் சட்டவிரோதமாகத் தள்ளிவிடக்கூடும் என்று அமெரிக்க அரசின் வேலைவாய்ப்புச் சமவாய்ப்பு ஆணையம் 2022 மே மாதம் எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம், வேலையிடத்தில் மனித உணர்ச்சியை ஊகிக்கும் செயற்கை நுண்ணறிவை 2025 பிப்ரவரி முதல் தடைசெய்துவிட்டது; மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

இந்தியாவில் இதே பிரச்சினை வங்கி வாசலில் வெடித்தது. இணையவழி வாடிக்கையாளர் சரிபார்ப்பில் 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று திரை கேட்கிறது. அமிலவீச்சில் இமைகளே கருகிப்போன பெண் எதைச் சிமிட்டுவார்? அமிலவீச்சுக்கு ஆளான பிரக்யா பிரசூன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது, அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று கூறி, 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. அலுவலகங்களும் இப்போது முகத்தைக் காட்டி வருகைப்பதிவு செய்யும் முறைக்கு வேகமாக மாறிவருகின்றன. ஆகவே இந்தத் தீர்ப்பை வங்கிகளுக்கு மட்டும் உரியது என்று தள்ளிவைக்க முடியாது.

இன்னொரு வகை ஆபத்து, ஒட்டுப்போடும் வியாபாரம். இணையதளத்தை மாற்றவே வேண்டாம், எங்கள் செயற்கை நுண்ணறிவுக் கருவியை ஒரே வரியில் சேர்த்துவிட்டால் எல்லா மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தலாம் என்று விற்கும் நிறுவனங்கள் உலகெங்கும் இருக்கின்றன. இவற்றில் பிரபலமான ஆக்சஸிபி மீது, செய்ய முடியாததைச் செய்வதாக விளம்பரம் செய்ததற்காக, அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை அறிவித்தது. பத்து லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைப் பரிசோதிக்கிறது. 2025இல் அவற்றில் 94.8 சதவீதப் பக்கங்களில் அணுகல் பிழைகள் தென்பட்டன. மிகப் பரவலானவை, மங்கலான எழுத்தும் விளக்கக் குறிப்பு இல்லாத படங்களும். எழுதும்போதே சரிசெய்யக்கூடிய எளிய பிழைகள் இவை. இவற்றுக்கு நுண்ணறிவு தேவையில்லை, அக்கறை போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. அதன் 20ஆவது பிரிவு, தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தருவதை ஒவ்வொரு அரசு நிறுவனத்தின் கடமையாக்குகிறது. 21ஆவது பிரிவுப்படி தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை வகுத்து அறிவிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலை 2023இல் இச்சட்டத்தின் விதிகளில் சேர்க்கப்பட்டது. பொதுக் கட்டடங்களை அணுகும் உரிமை கோரிய ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்திருந்த 15(1) விதி சட்டத்துக்கே முரணானது என்றது. கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கவும் உத்தரவிட்டது. அந்த வழக்கு தொடங்கியது 2005இல். ஒரு கட்டடத்துக்குள் நுழையும் உரிமை கட்டாயமா, விருப்பமா என்று தீர்மானிக்கவே ஒரு தலைமுறை கடந்திருக்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களில் ஏதேனும் வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. பெண்களில் 23 சதவீதம். பெண்களின் இந்த விகிதத்தைப் பார்த்துவிட்டு எந்த நிர்வாகமும் தன் மென்பொருளைப் பெருமையாகக் காட்ட முடியாது.

தமிழ் பேசும் ஊழியருக்கு இதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது: மொழி. பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் வசதி ஆங்கிலக் கூட்டத்தில் ஓடும் வேகத்தில் நம் கூட்டத்தில் ஓடுவதில்லை. 'மீட்டிங்க போஸ்ட்போன் பண்ணிட்டாங்க, ஃபைல மட்டும் அனுப்பிடுங்க' என்று கலந்துதான் நம் அலுவலகங்கள் பேசுகின்றன. நெல்லைக்காரர் ஒரு மாதிரியும் கோவைக்காரர் ஒரு மாதிரியும் பேசுகிறார்கள். ஏட்டுத் தமிழில் பழக்கப்பட்ட இயந்திரம் இங்கே தடுமாறுகிறது; தடுமாறும் ஒவ்வொரு சொல்லும், காது கேளாத ஊழியருக்குக் கூட்டத்தில் விழும் ஓர் ஓட்டை. பெருமூளை வாதம் உள்ளவரின் குழறும் பேச்சைப் புரிந்துகொள்ள இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை இல்லினாய் பல்கலைக்கழகம் ஐந்து பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆதரவோடு 2022இல் தொடங்கியது. அது ஆங்கிலத்தில் தொடங்கிய பணி. தமிழில் குழறுபவரின் குரலை யார் பதிவு செய்வார்கள்?

செய்வதற்கு ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். இந்திய மொழிகளுக்கான திறந்தநிலைப் பேச்சு, மொழிபெயர்ப்பு மாதிரிகளை சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் உருவாக்கித் தந்துகொண்டிருக்கிறது. எழுத்தைப் பேச்சாக்கும் இந்திய மொழிக் கருவிகளை அதே வளாகத்தில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் குழு பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. பேச வராத குழந்தைகள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் ஆவாஸ், சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியது. மெரினா கடற்கரைச் சாலையில் உள்ள மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸில் அரசே உதவிக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. அறிவும் ஆளும் ஓரிடத்தில் இருக்க, டெண்டர் எழுதும் மேசை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதில்லை என்பதே தமிழ்நாட்டின் உண்மையான குறை.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். படத்தை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவு சில நேரம் இல்லாததை இருப்பதாகச் சொல்லும். அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றிப் படிக்கும். பார்வையுள்ளவர் ஒரு பார்வையில் சரிபார்த்துவிடுவார். பார்வையற்றவர் அதை நம்பிக் கையெழுத்திட்டால் பழி யார் மேல் விழும்? கருவியின் தவறுக்கு ஊழியரைப் பொறுப்பாக்கக் கூடாது என்று பணிவிதிகளில் எழுதப்பட வேண்டும். முக்கியமான எண்களுக்கு மனித உதவியும் தொடர வேண்டும். செயலி வந்துவிட்டது என்று சொல்லி உதவியாளரையோ சைகை மொழிபெயர்ப்பாளரையோ நிறுத்துவது அநியாயம். சைகை செய்யும் கணினிப் பொம்மைகள் மனித மொழிபெயர்ப்பாளருக்கு ஈடாகாது என்று உலகக் காதுகேளாதோர் கூட்டமைப்பு 2018லேயே சொல்லிவிட்டது. ஊழியர் தன் கைபேசியில் படமெடுத்து விளங்கிக்கொள்ளும் கோப்பு எந்த நாட்டுச் சர்வருக்குப் போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. பாதுகாப்பான கருவியை அலுவலகமே தந்துவிட்டால், அவர் சொந்தக் கைபேசியை நாட வேண்டியிருக்காது.

தமிழக அரசு 2020இலேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. இனி வேண்டியது நடைமுறை. அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் முதல் ஊராட்சி ஒன்றியம் வரை, மென்பொருள் வாங்கும் ஒவ்வொரு டெண்டரிலும் ஐஎஸ் 17802 கட்டாய நிபந்தனையாக வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன், பார்வையற்ற ஒருவர், காது கேளாத ஒருவர், கையசைவு குறைந்த ஒருவர் ஆகிய மூவரேனும் அந்த மென்பொருளில் அன்றாட வேலையைச் செய்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்தச் சோதனைக்கு அவர்களுக்கு ஊதியம் தரப்பட வேண்டும். புதிய அரசாணைகள் ஒருங்குறியில், எழுத்தாக வெளிவர வேண்டும். பழையவற்றை மாற்றித் தரக் காலக்கெடு வேண்டும். ஆளெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்தும் தனியார் நிறுவனங்கள், அது மாற்றுத்திறனாளி விண்ணப்பங்களை எப்படி நடத்துகிறது என்பதைத் தணிக்கை செய்து வெளியிட வேண்டும். இவற்றில் முதல் மூன்றைச் செய்யப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. துறைச் செயலாளரின் ஒரு சுற்றறிக்கை போதும். அதை இந்த நிதியாண்டிலேயே வெளியிடுமாறு அரசைக் கேட்டுக்கொள்ள வேண்டிய பொறுப்பு மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு மட்டும் உரியதல்ல. அவர்களோடு ஒரே அறையில் வேலை செய்யும் ஊழியர் சங்கத்தினர் எல்லோருக்கும் உண்டு.